சட்டியும் அகப்பையும்: மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிதி குறித்து ஓர் உரை

விழாத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் முன்னாள் துணைவேந்தர் பெருமக்களே, ஆட்சிக்குழு, பேரவை உறுப்பினர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓய்வூதியர் சங்கப் பெரியோர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் ஆய்வு மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். வரவேற்புரையில் ஒருவர் பெயரும் விடுபடவில்லை. ஆகவே நான் மறுபடி அடுக்கப்போவதில்லை. ஆனாலும் மண்டபத்தை வாடகையின்றித் தந்த கல்லூரிச் செயலர் அவர்களுக்கு இரண்டாம் முறை நன்றி சொன்னால் குறைந்துவிடாது.

மூன்று செய்திகள் பேச வேண்டும். ஒன்று மானியம், இரண்டு துணைவேந்தர் நாற்காலி, மூன்று தொலைநிலைக் கல்வி. மூன்றுக்கும் ஒரே பழமொழிதான்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

சட்டி எப்படிக் காலியானது? 1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்தையே பாருங்கள். பொறியியலுக்கு 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் வந்தது. பிறகு மருத்துவத்துக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று, 2002இல் வேலூர்ப் பக்கத்துக்குத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். பிரித்தது தவறென்று சொல்லவில்லை. ஆனால் கல்லூரி பிரிந்து போகும்போது இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் கூடவே போய்விடும். ஓய்வுபெற்றவர்கள் மட்டும் தாய்வீட்டிலேயே தங்கிவிடுவார்கள்!

வருமானம் குறைந்த வீட்டுக்கு மானியம் கூட வேண்டும் அல்லவா? இங்கே பல்கலைக்கழகக் கணக்குகளை ஆராயும் அரசுத் துறையான உள்ளாட்சி நிதித் தணிக்கை குறுக்கே நிற்கிறது. அரசு அனுமதியின்றி உருவாக்கிய பணியிடம் என்று தணிக்கையாளர் ஒரு தடை, அதாவது ஆட்சேபம், எழுதினால், அந்தச் சம்பளம் அரசு மொத்தமாகத் தரும் தொகுப்பு மானியக் கணக்கில் ஏறாது. சம்பளத்தை நிறுத்த முடியுமா? வைப்புநிதியை உடைத்துக் கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு வட்டி குறையும், துண்டு பெரிதாகும். தடைகளைத் தீர்க்க வழி இருக்கிறது. கோப்பு கிடைக்காதவை, பணம் பிடித்தம் செய்ய வேண்டியவை, நடந்ததைப் பின்னர் ஏற்கும் அரசின் பின்னேற்பு ஆணை தேவைப்படுபவை என்று முதலில் பிரித்துவிட்டு, பிறகு தணிக்கையாளரோடு உட்கார்ந்து பேசும் கூட்டமர்வில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொண்டுபோனால் எல்லாமே ஒரே கட்டாகத் திரும்பி வரும்.

இதைவிட வேடிக்கை வருமான வரி. அரசு மானியம் மொத்த வரவில் பாதிக்கு மேல் இருந்தால்தான், பெருமளவு அரசு நிதியில் நடக்கும் நிறுவனம் என்ற வரி விலக்கு கிடைக்கும். சொந்த வரவு 100 கோடி, மானியம் 101 கோடி என்றால் கவலையில்லை. மானியத்தை 99 ஆக்கிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். வரிச் சட்டத்தின் வேறு பிரிவில் முன்பே அனுமதி வாங்கி வைக்காவிட்டால் மாட்டிக்கொள்வோம். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகள் முடங்கின. கேட்ட வரி 424 கோடி ரூபாய். மாநிலம் கொடுக்காததற்கு மத்திய அரசு வரி கேட்கிறது!

கொடையாளர்களிடம் கேட்கலாமே என்பார்கள். கேட்டவர் ஒருவர் இருந்தார். 1947, அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார், நாட்டுக்குக் கல்லூரிகள் வேண்டும், செல்வர்கள் முன்வர வேண்டும் என்று பேசுகிறார். நம் கூட்டங்களில் இப்படிப் பேசினால் என்ன நடக்கும்? கைதட்டுவோம், காபி குடிப்போம், வீட்டுக்குப் போவோம். அன்று கூட்டத்தில் இருந்த அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் கல்லூரி தொடங்கிவிட்டது. இன்று ஒரு விண்ணப்பம் மேசை மாறவே அதைவிட நாள் ஆகும்! அதோடு நின்றாரா? மின்வேதியியல் ஆய்வகம் வரப்போகிறது என்றதும் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார் வள்ளல்.

ஆனால் ஒன்றை நினையுங்கள். வள்ளல் சட்டி வாங்கித் தருவார். மாதம் பிறந்தால் உலை வைக்க வேண்டியது அரசு. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

இனி நாற்காலி. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்ற 2022இல் சட்டப்பேரவை மசோதா நிறைவேற்றியது, ஆளுநர் ஒப்புதல் தராமல் நிறுத்தினார், 2023 நவம்பரில் மறுபடி நிறைவேறியது, 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளலாம் என்றது, மே மாதம் உயர் நீதிமன்றம் நியமனப் பிரிவுகளுக்குத் தடை விதித்தது. சென்னையில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பணிக்காலம் முடிந்தபின் அவருக்குப் பதில் நிர்வாகம் பார்க்கும் ஒருங்கிணைப்புக் குழுவுக்கு அரசின் உயர்கல்விச் செயலரே தலைவரானார். பல்கலைக்கழகம் பணம் கேட்டு எழுதும் கடிதம் போய்ச் சேர்ந்ததும் அவர் மேசைக்குத்தான். தன்னிடமே தான் கேட்டு, தானே பரிசீலிக்க வேண்டியிருந்தது. இரு தரப்புக்கும் இதில் கொள்கை இருக்கலாம். அதற்குள் நான் போகவில்லை.

ஏனென்றால் முன்வரிசை என்னைப் பார்க்கிறது. அரசுக் கல்லூரிப் பேராசிரியருக்கு ஓய்வூதியம் கருவூலத்திலிருந்து வருகிறது. அதே பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் நடத்தியவருக்கோ அந்தப் பல்கலைக்கழகத்தின் கையிருப்பிலிருந்து. தேர்வுக் கட்டணம் வசூலானால் ஓய்வூதியம், இல்லாவிட்டால் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை. நாம் கேட்பது ஒன்றே: ஓய்வூதியத்தைக் கருவூலத்துக்கு மாற்றுங்கள். அந்தச் சுமை இறங்கினால், மிச்சமுள்ள பணத்தில் ஆய்வகத்துக்கு வேதிப்பொருள் வாங்கலாம், காலிப் பணியிடம் நிரப்பலாம். சட்டியில் அடுத்தவர் கை நுழையாமல் இருந்தாலே அகப்பையில் ஏதாவது வரும்!

தலைவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். தொலைநிலைக் கல்வி வருமானம் போன கதையை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். ஓய்வூதியத்தைக் கருவூலத்துக்கு மாற்றக் கேட்கும் மனுப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பெயருக்கு நேரே ஓய்வூதிய ஆணை எண்ணையும் கடைசியாக ஓய்வூதியம் வந்த தேதியையும் எழுதுங்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்களுக்கு மஞ்சள் தாள் தனியாக வைத்திருக்கிறார்கள்.