கொலோம்னாவில் ஒரு நாள்: அடுப்பு எரிகிற அருங்காட்சியகங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், நாற்காலி இருக்கிறது.

ரஷ்யப் பயணம் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். மாஸ்கோவைப் பற்றியும் பீட்டர்ஸ்பர்க்கைப் பற்றியும் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள், செஞ்சதுக்கத்துப் படம் இல்லாத செல்போனே இல்லை. அதனால் நான் அங்கே போகவில்லை. மாஸ்கோவிலிருந்து தென்கிழக்கே சுமார் 115 கிலோமீட்டரில், மாஸ்க்வா ஆறு ஓகா ஆற்றில் போய்ச் சேருகிற இடத்தில், கொலோம்னா என்று ஓர் ஊர் இருக்கிறது. காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். அந்த ஊரில் பலகாரத்துக்கு ஓர் அருங்காட்சியகம், ரொட்டிக்கு ஓர் அருங்காட்சியகம் என்று வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டு அருங்காட்சியகம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய பாத்திரம், அதன் கீழே மங்கிப்போன ஒரு சீட்டு. எனக்கும் அப்படிப்பட்ட இடங்களில் கொட்டாவிதான் வரும். கொலோம்னாவில் அடுப்பு எரிகிறது. மாவு பிசைகிறார்கள், ஆப்பிள் சுடுகிறார்கள், செய்ததைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுக் கடையிலும் விற்கிறார்கள். பாதி சமையற்கட்டு, பாதி நாடக மேடை. இதையெல்லாம் அருங்காட்சியகம் என்று சொல்லலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாகச் சொல்லலாம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் போகிற வழி. மாஸ்கோவில் கசான்ஸ்கி ரயில் நிலையம், அங்கிருந்து கலூத்வின் போகிற எலெக்ட்ரிச்கா, அதாவது புறநகர் மின்சார ரயில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கொலோம்னா என்றே பெயருள்ள சின்ன நிலையத்தில் இறங்கிப் பழைய ஊருக்கு நடக்கலாம், இல்லையென்றால் கலூத்வின் வரை போய் டிராமில் வரலாம். டிராமையே நான் சொல்வேன், ஜன்னலோர சீட்டு கிடைத்தால் பாதி ஊரைப் பார்த்துவிடலாம். இந்த அளவு ஊருக்கு டிராம் எதற்கு என்று தோன்றும். இது தொழிற்சாலை ஊர். ரயில் எஞ்சின் செய்கிற ஆலை 1863இல் இங்கே வந்தது, இன்றைக்கும் ஓடுகிறது. ராணுவத் தொழில்களும் உண்டு, அதனால்தான் 1990களின் நடுப்பகுதி வரைக்கும் வெளிநாட்டுக்காரர்களை ஊருக்குள்ளேயே விடாமல் வைத்திருந்தார்கள்.

கிரெம்ளின் என்றால் மாஸ்கோவில் மட்டும் இருக்கிற ஒன்று என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய ரஷ்ய ஊர்களில் கோட்டைக்கே அந்தப் பெயர்தான். கொலோம்னாவின் பெயர் வரலாற்று ஏடுகளில் 1177இலேயே வந்துவிடுகிறது. 1380இல் மங்கோலியப் படையை எதிர்த்த குலிகோவோ போருக்குப் போகும் முன் மாஸ்கோ இளவரசன் திமீத்ரி தன்ஸ்கோய் படைகளைக் கூட்டியது இங்கேதான். செங்கல் கோட்டையை மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் வசீலி 1525இலிருந்து 1531 வரை கட்டினான். தெற்கிலிருந்து கிரிமியத் தாத்தாரியர் படையெடுத்து வருகிற பாதையை அடைக்க வேண்டியிருந்தது. எல்லை தெற்கே நகர்ந்துபோனபின் கோட்டைக்கு வேலை இல்லை, ஊர்க்காரர்கள் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டுபோய் வீடு கட்டிக்கொண்டார்கள். பழைய கோட்டைகளை இடிக்கக்கூடாது என்று 1826இல் ஜார் முதலாம் நிக்கலாய் உத்தரவு போட்ட பிறகுதான் மிச்சம் தப்பியது. இன்றைக்கு ஏழு கோபுரங்கள் நிற்கின்றன, சுவர் அங்கங்கே விட்டுவிட்டு இருக்கிறது. கோட்டைக்குள்ளேயே மரவீடுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் பூந்தொட்டி, வாசலில் பூனை. மாஸ்கோ கிரெம்ளினில் இதைப் பார்க்க முடியாது. மரீன்கினா கோபுரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். செத்துப்போன இளவரசன் நான்தான் என்று சொல்லி அரியணை ஏறிய பொய் திமீத்ரியின் மனைவியாகி 1606இல் ரஷ்ய அரசியாக முடிசூடிய போலந்துப் பெண் மரீனா மினிஷெக், கடைசியில் இதற்குள் அடைபட்டுச் செத்தாள் என்று ஊரில் சொல்கிறார்கள். சாகவில்லை, பறவையாகிப் பறந்துபோய்விட்டாள் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வழிகாட்டிகள் இரண்டாவதைத்தான் ரசித்துச் சொல்வார்கள்.

சரி, பலகாரத்துக்கு வருவோம்.

கோட்டைக்கு வெளியே வியாபாரிகள் வாழ்ந்த பகுதிக்குப் பொசாத் என்று பெயர். அங்கே ஒரு பழைய வீட்டில்தான் பஸ்திலா அருங்காட்சியகம். மறைந்துபோன சுவையின் அருங்காட்சியகம் என்று அவர்களே அதற்கு இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். 2009இல் ஊர்ப் பெண்கள் இருவர் சேர்ந்து தொடங்கியது. பஸ்திலா என்பது ஆப்பிள் பலகாரம். புளிப்பு ஆப்பிளைச் சுட்டு, சல்லடையில் தேய்த்துக் கூழாக்கி, சர்க்கரையோ தேனோ முட்டை வெள்ளைக்கருவோ சேர்த்து நுரைக்க நுரைக்க அடித்து, மெல்லிய அடுக்காக ஊற்றிக் காயவைப்பது. யாழ்ப்பாணத்துப் பனாட்டு தின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம், பனங்களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைக்கிற அதே யோசனைதான், வெயிலை நம்ப முடியாத ஊரில் அந்த வேலையை அடுப்பு பார்க்கிறது.

அந்த அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரஷ்ய அடுப்பு நாம் நினைக்கிற அடுப்பு இல்லை, அறையில் கால்வாசியை அடைத்துக்கொண்டு நிற்கிற செங்கல் மேடை. குளிருக்கு அதன்மேலேயே ஏறிப் படுத்துக்கொள்வார்கள். விறகு எரிந்து தணிந்தபிறகும் மணிக்கணக்கில் சூடு இறங்காது, இறங்கினாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ரொட்டி சுட்டு முடித்தபின் மிஞ்சுகிற அந்த மெல்லிய சூட்டில்தான் பஸ்திலா காயும். மரச் சட்டத்துக்கு அடியில் நார்த்துணி கட்டி அதன்மேல் கூழை ஊற்றுவதால் ஈரம் கீழ்ப்பக்கமும் வெளியேறும். சூடு கூடினால் பலகாரம் கருகும், குறைந்தால் புளித்துப்போகும். எந்தச் சமையல் குறிப்பாலும் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது, அடுப்பு வாயில் கையை நீட்டிப் பார்த்துப் பழகிய ஆள் வேண்டும்.

அப்புறம் ஆப்பிள். நம் பழக்கடையில் பளபளவென்று அடுக்கியிருக்கிற இனிப்பு ஆப்பிளை வைத்து இதைச் செய்தால் சரியாக வராது. அந்தோனவ்கா என்று ஒரு ரகம், செப்டம்பரில் பழுக்கும், பச்சையாகக் கடித்தால் பல் கூசும். அதில் பெக்டின் அதிகம். ஜாமை இறுக வைக்கிற சத்து அதுதான். பெக்டின் இருந்தால்தான் அடித்த நுரை உட்காராமல் நிற்கும். வேகவைக்காமல் சுடுவதற்கும் காரணம் உண்டு, சுட்டால் கூழில் தண்ணீர் சேராது. பழுப்பாக இருக்கிற கூழ் அடிக்க அடிக்க வெளுத்து, பொங்கி, பாத்திரத்தை விட்டு எழும்பும். மிக்சி இல்லாத காலத்தில் இது ஆள் மாற்றி ஆள் செய்கிற வேலை, அதனால் விலையும் வியாபாரிகளும் பிரபுக்களும் வாங்குகிற விலைதான். இதன் பங்காளிகள் ரொம்பப் பழசு, 16ஆம் நூற்றாண்டின் இல்லறக் கையேடான தொமஸ்த்ரோயில் பழக்கூழைப் பலகையில் தடவிக் காயவைக்கும் முறை வருகிறது. ரஷ்யாவின் முதல் பீட்ரூட் சர்க்கரை ஆலை 1802இல் பக்கத்துத் தூலா மாகாணத்தில் தொடங்கியது, அடுத்து வந்த பத்தாண்டுகளில் உள்நாட்டுச் சர்க்கரை பெருகப் பெருக இப்படிப்பட்ட இனிப்புகளுக்கும் நல்ல காலம் வந்தது. கொலோம்னாவில் சூப்ரிகோவ் என்ற வணிகக் குடும்பத்தின் பஸ்திலா ஆலை பேர்பெற்றது. இதே ஊரில் பிறந்த நாவலாசிரியர் லஷேச்னிகோவ், 1835இல் வந்த தன் வரலாற்று நாவலில் கொலோம்னா பஸ்திலாவைக் குறிப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

1917 புரட்சிக்குப் பிறகு தனியார் ஆலைகள் போயின. பெயர் மட்டும் போகவில்லை, சோவியத் கடைகளில் பஸ்திலா என்று எழுதிய பெட்டி கிடைத்துக்கொண்டேதான் இருந்தது. உள்ளே இருந்தது தொழிற்சாலையில் அகர், அதாவது கடற்பாசிச் சத்து, ஊற்றி இறுக்கிய மெத்தென்ற வெள்ளைத் துண்டு. அதுவும் தின்ன நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பண்டம். பெயர் அப்படியே இருந்ததாலேயே பழசு காணாமல்போனது யாருக்கும் உறைக்கவில்லை.

இங்கேதான் அந்தப் பழைய கேள்வி வருகிறது. செய்கிற கை எல்லாம் போனபிறகு, பழைய சமையல் குறிப்புகளையும் நாவலில் வருகிற ஒரு வரியையும் வைத்துக்கொண்டு மீட்டெடுத்த சுவை பழைய சுவைதான் என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. சூப்ரிகோவ் ஆலையின் பஸ்திலாவைத் தின்ற நாக்கு ஒன்றும் இன்று இல்லை. அதோடு அங்கே நடக்கிற நாடகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டு உடையில் ஒரு பெண் வாசலில் வரவேற்பார், உள்ளே நம்மை வீட்டுக்கு வந்த விருந்தாளியாக உட்காரவைத்து, சமோவார் என்கிற வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்துத் தேநீர் ஊற்றி, ஒவ்வொரு வகையாகத் தட்டில் வைத்து, யார் எதை விரும்பித் தின்றார்கள் என்று கதை சொல்வார். கதைகளில் பாதிக்கு மேல் சர்க்கரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தட்டில் இருப்பது அந்தோனவ்கா ஆப்பிள், அடித்த நுரை, மெதுவாக உலர்ந்த அடுக்கு. முறை பொய் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் சூப்ரிகோவ் ஆலையின் தகர டப்பாவை வைத்து நம்மைச் சுற்றிவரச் சொல்லியிருந்தால் வரலாற்று ஆசிரியர்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும், ஆனால் கூழை எவ்வளவு நேரம் அடித்தால் வெளுக்கும் என்று தெரிந்த ஓர் ஆள் அந்த ஊரில் இருந்திருக்கமாட்டார். இன்று இருக்கிறார்கள், அதே ஊரில், சம்பளம் வாங்கிக்கொண்டு. பொசாத்திலேயே இவர்களுக்கு ஒரு சின்ன ஆலையும் இருக்கிறது, செய்முறையை அங்கே பார்க்கலாம். ஒரே இடத்துக்குத்தான் நேரம் என்றால் ஆலைக்குப் போங்கள்.

ரொட்டி அருங்காட்சியகம் எனக்கு இன்னும் பிடித்தது, பேச்சு குறைவு, வேலை அதிகம். கலாச் என்பது வெள்ளைக் கோதுமை ரொட்டி. ரை என்கிற தானியத்தில் சுட்ட கறுப்பு ரொட்டிதான் ரஷ்ய விவசாயியின் அன்றாடச் சாப்பாடு, அதனால் கோதுமைக் கலாச் என்பது நகரத்து ஆடம்பரம். பழைய பூட்டு மாதிரி வடிவம்: கீழே தடித்த வயிறு, வயிற்றில் உதடு மாதிரி ஒரு கீறல், மேலே வளைந்த கைப்பிடி. மாவைக் குளிரில் வைத்து நெடுநேரம் தேய்த்துப் பிசைவார்கள், அதனால் உள்ளே பஞ்சாகவும் மேலே மெல்லிய தோலாகவும் வரும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வயிற்றுப் பக்கத்தைத் தின்றுவிட்டு, அழுக்குப் பட்ட கைப்பிடியைப் பிச்சைக்காரருக்கோ நாய்க்கோ போடுவார்கள் என்று வழிகாட்டி சொல்வார். அழகான கதை, நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கைப்பிடியில் மொறுமொறுப்பு அதிகம், நான் போடமாட்டேன். மாஸ்கோவின் பிலிப்போவ் கடை கலாச்சைச் சுடச்சுட உறையவைத்து சைபீரியா வரை வண்டியில் அனுப்பும், அங்கே ஈரத் துணியில் சுற்றிச் சூடுகாட்டினால் புதுசு மாதிரி மணக்கும் என்று பத்திரிகையாளர் கிலியரோவ்ஸ்கி எழுதிவைத்திருக்கிறார்.

நேரம் இருந்தால் மூன்றாவதாக ஒரு சமையற்கட்டு. 1960களின் சோவியத் கூட்டுக்குடியிருப்பை அப்படியே வைத்திருக்கிறார்கள், ஒரு வீட்டில் பல குடும்பம், எல்லாருக்கும் பொதுவாக ஒரே அடுக்களை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மேஜை. இந்த இடம் நினைவுகூர்கிற எழுத்தாளர் வெனெதிக்த் எரஃபேயெவ் 1960களின் தொடக்கத்தில் இந்த ஊர் ஆசிரியர் கல்லூரியில் படித்தார், கூடவே மளிகைக்கடையில் மூட்டை தூக்கினார், அப்புறம் கல்லூரியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். பஸ்திலா வீட்டின் லேஸ் திரைச்சீலையையும் சமோவாரையும் பார்த்துவிட்டு இங்கே வந்தால், பஸ்திலா செய்கிறவர்கள் இல்லாமல்போன காலத்தில் ஜனங்கள் எப்படிச் சமைத்தார்கள் என்பது விளங்கும்.

இனிப்பு ஊர் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் இறங்கினால் அது நேர்மை இல்லை. இஸ்கந்தர் ஏவுகணையை வடிவமைத்த பொறியியல் நிறுவனமும் இதே கொலோம்னாவில்தான் இருக்கிறது, அந்த ஏவுகணைகள் உக்ரைன் நகரங்களின்மேல் விழுந்துகொண்டிருக்கின்றன. ஆப்பிள் மணக்கிற தெருவில் நடக்கும்போது இது மனத்தில் உறுத்தத்தான் செய்யும். அதற்காகவே போகமாட்டேன் என்று யாராவது சொன்னால் நான் வாதாடமாட்டேன்.

போகிறவர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து அங்கே வேலை செய்யாது, ரூபிள் பணமாகக் கையில் இருக்கட்டும். அருங்காட்சியகங்களில் நேரம் குறித்துக் குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். வழிகாட்டி பேசுவது ரஷ்ய மொழியில், மாஸ்கோவில் மருத்துவம் படிக்கிற நம் பிள்ளைகள் யாராவது தெரிந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்கும் நல்ல சாப்பாடு கிடைத்த மாதிரி இருக்கும். அசைவம் தொடாதவர்கள் கேட்டு வாங்குங்கள், பல வகைப் பஸ்திலாவில் முட்டை வெள்ளைக்கரு உண்டு, நோன்புக் காலத்துக்கென்று செய்கிற வகையில் இருக்காது. குளிர்காலத்திலும் போகலாம், ஆனால் செப்டம்பர்தான் என் சிபாரிசு, அந்தோனவ்கா மரத்திலிருந்து இறங்குகிற நேரம்.

வாங்கி வருவதைப் பொறுத்தவரை, பஸ்திலா பெட்டி ஈரம் படாமல் வைத்தால் ஊர் வந்து சேரும் வரை தாங்கும். கலாச் தாங்காது, மறுநாளே வறண்டுவிடும், திரும்புகிற ரயிலிலேயே தின்று முடித்துவிடுங்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள், மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.