இருபதாவது நகர்வில் விழுந்த கோட்டை

நடுவர் அவர்களே, வணக்கம். 1972-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த உலக சதுரங்க சாம்பியன் போட்டியில், ஸ்பாஸ்கிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தை ஃபிஷருக்கு வென்று தந்தது ஆரம்ப நகர்வுகளான ஓபனிங்கா, அதற்குப் பின் வரும் நடு ஆட்டமா? நடு ஆட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் முதல் நகர்வைவிட்டு நகரவே இல்லை. வாழ்நாளெல்லாம் ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயைத் தள்ளியே பழகிய ஃபிஷர் அன்று சி4 ஆடினார், அதாவது சி வரிசைச் சிப்பாயை நான்காம் கட்டத்துக்குத் தள்ளினார், ஆட்டம் ராணி கேம்பிட் என்ற ஓபனிங்குக்குள் போனது, ஸ்பாஸ்கி அதிர்ந்துவிட்டார் என்றார். அதிர்ந்திருக்கலாம். ஆனால் எங்கே போய் நின்றது ஆட்டம்? ஸ்பாஸ்கி பல காலம் ஆடிப் பழகிய டார்டகோவர் தடுப்பு என்ற கறுப்புக்கான ஆட்டமுறையில்! சொந்த வீட்டுக்குள் யாராவது வழி தவறுவார்களா?

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 14-ஆவது நகர்வில் ஃபிஷரின் மந்திரி பி5-க்கு வந்தது. அங்கே ராணியை பி7-இல் வைப்பதே நல்ல பதில் என்பதை, ஸ்பாஸ்கிக்குத் துணையாக வந்திருந்த கிராண்ட்மாஸ்டர் கெல்லரே மறு வருடம் டிம்மன் என்ற ஆட்டக்காரரை வென்று காட்டினார். ஸ்பாஸ்கி அதை ஆடவில்லை, ஏ6 ஆடினார். அது ஓபனிங் பிசகுதான். ஆனால் அதனால் மட்டும் ஆட்டம் தோற்றுவிடவில்லை, நடுவர் அவர்களே.

தோற்ற இடம் இருபதாவது நகர்வு. ஃபிஷர் இ4 தள்ளுகிறார். ஸ்பாஸ்கி டி5 சிப்பாயை டி4-க்கு முன்னேற்றுகிறார். பார்க்க அழகான சிப்பாய், சி5 தோழன் தாங்கிப் பிடிக்கிறான். ஆனால் அதுவரை சி4 கட்டத்தைக் காத்து நின்றது அந்தச் சிப்பாய்தானே! காவல்காரன் போனதும், மூன்றே நகர்வில் ஃபிஷரின் மந்திரி சி4-இல் குடியேறி, இ6-ஐக் குறிவைத்தபடி ராஜா இருக்கும் பக்கம் நீளும் மூலைவிட்டம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. அப்புறம் எஃப் வரிசையில் ஃபிஷரின் யானைகள், இ6-இல் ஆப்பு மாதிரி அவருடைய ஒரு சிப்பாய்.

எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்தது அதற்கடுத்த பகுதி. 32-ஆவது நகர்வு முதல் 36 வரை ஸ்பாஸ்கியின் ராணி இ8, டி8, இ8, டி8, இ8 என்று கூண்டுக்குள் உலாத்துகிறது. எதிரே ஃபிஷர் அவசரமே படவில்லை: ஏ4 தள்ளுகிறார், ஒரே யானையை எஃப்2, எஃப்3 என்று படிப்படியாக ஏற்றுகிறார். இந்த நிதானம் எந்த ஓபனிங் புத்தகத்தில் இருக்கிறது, நண்பரே? 38-இல் யானையைக் கொடுத்து எஃப்6 குதிரையை எடுத்தார். 41-ஆவது நகர்வோடு ஸ்பாஸ்கி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

முதல் ஆட்டத்தில் தோற்று, இரண்டாவதுக்கு வராமலே புள்ளியை இழந்திருந்த ஃபிஷர், அந்தத் தொடரில் முதன்முறையாக முந்தியது அன்றுதான். அரங்கம் கைதட்டியது, தோற்ற ஸ்பாஸ்கியும் எழுந்து கைதட்டினார். சி4 ஆடியபோது அவர் தட்டவில்லை, நடுவர் அவர்களே. 41 நகர்வுகளையும் பார்த்த பிறகே தட்டினார்.