லிஸ்பனை உருவாக்கியது நிலநடுக்கமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"இன்றைய லிஸ்பன் நகரை உருவாக்கியது கடலா, நிலநடுக்கமா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் கடலுக்காக முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். 1497 ஜூலையில் வாஸ்கோ ட காமா பெலேம் கரையிலிருந்து பாய் விரித்தார், மிளகு வந்தது, பிரேசில் தங்கம் வந்தது, ஊர் செழித்தது என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். போதாக்குறைக்கு, தமிழ் நூல் ஒன்று முதன்முதலில் அச்சேறியதே லிஸ்பனில்தான், 1554இல், ரோமன் எழுத்தில் என்று சொல்லி நம் எல்லோரையும் மடக்கிவிட்டார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஐயா, அந்த நூல் அச்சான லிஸ்பனின் நடுப்பகுதி இன்று தரைக்கு மேல் கிடையாது. இப்போது நிற்பது அதன் இடிபாட்டைக் கொட்டி மட்டம் செய்து, அதன் மேல் எழுப்பிய வேறொரு ஊர்.

1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரையைத் தாண்டிய நேரம். கோயில்களில் பூசை நடக்கிறது, பீடமெல்லாம் மெழுகுவர்த்தி எரிகிறது. பல நிமிடங்கள் பூமி விட்டுவிட்டு ஆடியது. கூரை இறங்கியது, மெழுகுவர்த்தி சாய்ந்தது, வீட்டு அடுப்புகள் சிதறின. பிழைத்தவர்கள் சுவர் விழாத இடம் தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே டேகஸ் ஆற்றின் முகத்துவாரம் வழியாகச் சுனாமி ஏறி வந்தது. நீரும் விட்டுவைத்ததைத் தீ ஐந்தாறு நாள் தின்றது. ஆற்றோர அரண்மனையும் அதன் நூலகமும் அழிந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் திறந்த இசைநாடக அரங்கம் ஏழே மாதத்தில் மண்ணாயிற்று. எதிரணி மார்தட்டும் கடல் வணிகத்தின் கணக்குகள் இருந்த 'காசா ட இந்தியா' தன் ஆவணங்களோடு சாம்பலானது.

"இடித்துத் தள்ளியது எப்படி ஐயா உருவாக்கும்?" என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். நல்ல கேள்வி. அடுத்த சில வாரங்களில் நடந்ததைப் பாருங்கள்.

போர்த்துகல் மன்னர் முதலாம் ஜோஸேயின் அமைச்சர் கார்வால்யோ, பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று உலகம் அறிந்த மனிதர். சடலங்களைப் படகில் ஏற்றிக் கடலில் இறக்கச் சொன்னார், கொள்ளை நோய் வரக் கூடாது என்று. தானிய விலையை உயர்த்தக் கூடாது என்றார். கொள்ளையடித்தவனைத் தூக்கில் போட்டார். இதெல்லாம் எந்தக் கெட்டிக்கார அமைச்சரும் செய்யக்கூடியது. அவர் செய்த பெரிய காரியம் வேறு. இடிபாட்டை அள்ளும் முன்பே, யார் மனை எங்கே இருந்தது, நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று அளந்து எழுத வைத்தார். புதிய வரைபடம் வரும்வரை யாரும் பழைய இடத்தில் சுவர் எழுப்பக் கூடாது என்று தடை போட்டார். பேரழிவு நடந்த ஊர்களில் வழக்கமாகக் கோட்டை விடும் இடம் இதுதான். வீடிழந்தவன் பொறுக்க மாட்டான், விழுந்த கல்லையே எடுத்து அதே சந்தில் அதே மாதிரி கட்டிவிடுவான்.

லிஸ்பனிலேயே அது நடந்திருக்கிறது. 1531 ஜனவரியிலும் பெரிய நிலநடுக்கம் வந்தது. மிளகுக் காசு கொழித்த காலம் அது. கடல் தந்த காசு கையில் இருந்தும், சந்து சந்தாகவே இருந்தது. "அப்போது உங்கள் நிலநடுக்கம் மட்டும் என்ன கிழித்தது?" என்று கேட்பீர்கள். அன்று ஊர் பகுதி பகுதியாகத்தான் விழுந்தது. 1755இல் பைஷா என்கிற தாழ்வான வணிகப் பகுதி ஏறக்குறைய மொத்தமாகப் போய், எல்லைக்கல்லுக்கே அர்த்தம் இல்லாமல் ஆயிற்று. அதனால்தான் 1758இல் சட்டம் போட்டு, பழைய மனையின் பரப்புக்கு ஏற்பப் புதிய தெருவில் இடம் பிரித்துக் கொடுக்க முடிந்தது.

வரைபடம் போட்டவர் மனுவேல் ட மாயா, நாட்டின் தலைமைப் பொறியாளர். அப்போது வயது 78. அரசு ஆவணக் காப்பகத்துக்கும் அவரே பொறுப்பு, அதன் ஏடுகளை இடிபாட்டிலிருந்து காப்பாற்றியவரும் அவரே. 1755 டிசம்பர் 4ஆம் தேதி, அதாவது ஐந்தே வாரத்தில், முதல் அறிக்கையை நீட்டிவிட்டார். ஐந்து வழி சொன்னார்: இருந்தபடியே கட்டலாம், கட்டட உயரத்தை அப்படியே வைத்துத் தெருவை மட்டும் அகலப்படுத்தலாம், தெருவை அகலப்படுத்தி மாடியையும் குறைக்கலாம், பைஷாவைத் தரைமட்டமாக்கிப் புதிதாகத் தெரு போடலாம், இல்லாவிட்டால் ஊரையே பெலேம் பக்கம் பெயர்த்துவிடலாம். நான்காவது வழி தேர்வானது. யூஜேனியோ தோஸ் சாந்தோஸ், கார்லோஸ் மார்டெல் இருவரும் அதைக் கட்டடமாக்கினார்கள். முக்கியத் தெரு 60 சாண், அதாவது சுமார் 13 மீட்டர். தெருவுக்கு அடியில் சாக்கடை.

இப்போது வீட்டுக்குள் வாருங்கள் நடுவர் அவர்களே. 'கயோலா' என்று பெயர், மரக்கூண்டு.

தரைத்தளம் முழுக்கக் கல், கனத்த சுவர், வளைவுக் கூரை. கீழே கடையில் தீப்பிடித்தால் மேலே ஏறக் கூடாது, மண்ணின் ஈரமும் மரத்தைத் தொடக் கூடாது. முதல் மாடியில்தான் கூண்டு தொடங்கும். நேர்த்தூண், கிடைச்சட்டம், அவை உண்டாக்கும் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பெருக்கல் குறியாக இரண்டு சாய்வுச் சட்டங்கள். இடைவெளியில் உடைகல்லும் செங்கல்லும் போட்டுச் சுண்ணாம்புச் சாந்து அடைத்து மேலே பூசிவிட்டால், பார்ப்பவருக்கு அது சாதாரணச் சுவர். வெறும் நாற்கரச் சட்டம் ஆட்டத்தில் ஒரு பக்கம் சாய்ந்து படுத்துவிடும். முக்கோணம் படுக்காது, பெருக்கல் குறி வந்தது அதற்காகத்தான். ஒரு பக்கம் ஆடும்போது ஒரு சட்டம் அமுக்கத்தைத் தாங்கும், மறுபக்கம் ஆடும்போது மற்றது. வெளிச்சுவரின் கல் உதிர்ந்தாலும் மாடித் தளத்தைக் கூண்டு பிடித்து நிற்கும், உள்ளே இருப்பவர் இறங்கி ஓட நேரம் கிடைக்கும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே தீத்தடுப்புச் சுவர், கூரையையும் தாண்டிய உயரத்துக்கு. மாதிரிக் கூண்டு செய்து, சுற்றிலும் படைவீரர்களைத் தரை அதிர மிதித்து நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். நிலநடுக்கத்துக்கு ஒத்திகை பார்த்த ஊர்!

கூண்டு நிற்கும் நிலமும் லேசுப்பட்டதல்ல. பைஷா இருப்பது பழைய ஓடைகள் கொண்டுவந்து நிரப்பிய வண்டல் மண், தோண்டினால் தண்ணீர். ஆகவே அடித்தளத்துக்குப் பைன் மரக் குத்துக்கட்டைகளை நெருக்கமாக இறக்கினார்கள். மரம் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கிக் கிடந்தால் அழுகாது. நிலத்தடி நீர் இறங்கி, கட்டையின் தலை காற்றுப் பட்டால்தான் பூஞ்சை பிடிக்கும். இன்றைக்கு அங்கே பொறியாளர்களின் கவலைகளில் அதுவும் ஒன்று. இன்னொரு கவலை மனிதர்களால் வந்தது. பிற்காலத்தார் மேலே மாடி ஏற்றினார்கள், எடை கூடிற்று. கடையை விசாலமாக்கக் கீழ்ச்சுவரை எடுத்தார்கள், மேலே இருக்கும் கூண்டுக்குக் கால் இல்லாமல் போயிற்று. கதவு வைக்கச் சாய்வுச் சட்டத்தை அறுத்தார்கள். குளியலறை வைத்தார்கள், குழாய் கசிந்து மரம் உளுத்தது. 1755 சொல்லிக்கொடுத்த பாடத்தை மறந்த இடங்களில்தான் லிஸ்பன் இப்போது பலவீனம். பாடம் யாருடையது? கடலுடையதா?

ஜன்னல், கதவு, கல்சட்டம், இரும்புக் கம்பி எல்லாம் ஒரே அளவில் முன்கூட்டியே செய்து அடுக்கிவைத்து எடுத்துப் பொருத்தினார்கள். பிரபு வீடானாலும் வணிகன் வீடானாலும் ஒரே முகப்பு. 1756இல் ஒவ்வொரு கோயில் பங்குக்கும் கேள்வித்தாள் போயிற்று: எத்தனை மணிக்கு ஆடியது, எவ்வளவு நேரம், கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் இறந்தார்கள், நிலம் எங்கே பிளந்தது? "யார் பாவம் செய்தது?" என்று பிரசங்கிகள் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அரசாங்கம் கேட்ட கேள்விகள் இவை.

எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். "கட்டியது தங்கத்தில், தங்கம் வந்தது கடலில்" என்றார்கள். வணிகர்களும் இறக்குமதிச் சரக்கின் மேல் நூற்றுக்கு நான்கு தர முன்வந்தார்கள், அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பிரேசில் தங்கம் ஜோஸேக்கு முன் ஆண்ட ஐந்தாம் ஜுவாவ் மன்னர் கையிலும் புரண்டதே! மாஃப்ராவில் மாபெரும் மடாலய அரண்மனை எழுந்தது; பைஷாவின் சந்து ஒரு சாண் அகலவில்லை.

"அல்ஃபாமா இருக்கிறது, ஜெரோனிமோஸ் மடாலயம் இருக்கிறது, அவை பழைய லிஸ்பன்தானே?" என்றும் கேட்டார்கள். ஆம், இருக்கின்றன. அல்ஃபாமா மேட்டில், கெட்டியான நிலத்தில் நிற்கிறது. வண்டல் மண் ஆட்டத்தைப் பெருக்கும், கெட்டி நிலம் அவ்வளவு பெருக்காது. பழையதில் எது தங்க வேண்டும் என்று பொறுக்கி எடுத்ததும் நிலநடுக்கம்தான். மன்னர் ஜோஸே அதற்குப் பிறகு கல் கட்டடத்துக்குள் படுக்கவே மறுத்து, அஜுடா மேட்டில் மரத்தாலும் துணியாலும் அரண்மனை போட்டு 1777இல் இறக்கும்வரை அங்கேயே கிடந்தார். அது 1794இல் எரிந்த பிறகு அதே மேட்டில் எழுந்ததுதான் இன்றைய அஜுடா அரண்மனை. அரண்மனைக்குக்கூட மனை பார்த்துக் கொடுத்தது 1755தான்!

கடைசியாக, எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் ஒன்று சொல்வார், இப்போதே குறிப்பெடுக்கிறார், தெரிகிறது: "அந்த நிலநடுக்கமே அட்லாண்டிக் கடலடியில்தானே பிறந்தது!" பிறந்தது ஐயா, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மிளகும் தங்கமும் இரண்டரை நூற்றாண்டில் செய்யாததை, அன்று காலை சில நிமிட ஆட்டத்தில் கடல் செய்தது என்று அவர் வாயாலேயே இந்த மேடையில் சொல்லட்டும். மைக் இதோ இருக்கிறது.