பரணேறும் நாள்

வணக்கம், நேயர்களே.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழும் நம்மவர்களில் வில் வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எனக்கு ஒரு வாரம்தான் விடுப்பு கிடைக்கும். எந்த வாரத்தை எடுப்பது?" இங்கே வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி தொடக்கம் வரை நீள்கிறது. அவ்வளவு நீண்ட பருவத்தில் ஒரு வாரத்தைப் பொறுக்கி எடுப்பது எளிதல்ல. முதிர்ந்த ஆண்மான்தான் வேண்டும் என்றால் என் பதில், அக்டோபர் 28 முதல் நவம்பர் 5 வரை. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். இங்கே நான் பேசுவது உரிமம் பெற்று, அரசு வகுத்த பருவத்துக்குள், பதிவு செய்து ஆடும் வெண்வால் மான் வேட்டையைப் பற்றி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதிலும் சில லட்சம் வெண்வால் மான்களே எஞ்சியிருந்தன. இன்று அவை கோடிக்கணக்கில் இருக்கின்றன. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த 11 சதவீத வரியை வனவுயிர்ப் பணிக்கே ஒதுக்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்த மீட்சியில் பெரிய பங்கு உண்டு.

நம் பழந்தமிழில் ஆண்மானைக் கலை என்றும் பெண்மானைப் பிணை என்றும் சொல்வார்கள். அந்தச் சொற்களையே எடுத்துக்கொள்கிறேன். மான் கன்று பிறப்பது மே, ஜூனில்; வேட்டை நடப்பது இலையுதிர் காலத்தில். அதனால் இங்கே வயதை ஒன்றரை, இரண்டரை என்று அரையோடு எண்ணுகிறார்கள். நான் முதிர்ந்த கலை என்று சொல்வது நான்கரை வயதும் அதற்கு மேலும். கொம்பை மட்டும் பார்த்து வயதை முடிவு செய்யாதீர்கள். கழுத்து தடித்து மார்போடு ஒன்றாகியிருக்கும். மார்பு ஆழ்ந்திருப்பதால் கால்கள் குட்டையாகத் தெரியும். ஒன்றரை வயதுக் கலையோ, கால் நீண்டு, வயிறு ஒட்டி, பிணையின் தலையில் கொம்பு வைத்தது போல இருக்கும். அதைப் போகவிடுங்கள்.

நான்கரை ஆண்டு வேட்டைக்காரர்களுக்கு நடுவில் பிழைத்த மான் பகலில் தலைகாட்டத் தயங்கும். இரவில் மேயும், பகலில் புதருக்குள் படுத்திருக்கும். அது தன் எச்சரிக்கையைத் தானாகவே தளர்த்துகிற நாட்கள் ஆண்டில் மிகச் சில.

அந்த நாட்களைத் தீர்மானிப்பது குளிர் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தீர்மானிப்பது பகல் வெளிச்சம். ஜூன் மாதத்தில் இங்கே பகல் 15 மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. அக்டோபர் கடைசியில் அது பத்தரை மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. பகல் குறையக் குறைய மானின் உடலில் சுரப்புகள் மாறுகின்றன. செப்டம்பர் தொடக்கத்திலேயே கொம்பை மூடியிருந்த மென்தோல் உரிந்துவிடும். நவம்பர் நடுவில் பெரும்பாலான பிணைகள் இணைசேர்கின்றன. சினைக்காலம் ஏறத்தாழ 200 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், கன்று ஜூன் தொடக்கத்தில் தரையைத் தொடும். அப்போது பனி போய்ப் புல் தழைத்திருக்கும். அதனால்தான் இந்தத் தேதி ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக நகர்வதில்லை. முன்பனி வந்தாலும் வராவிட்டாலும் பிணைகள் அதே வாரங்களில்தான் பருவத்துக்கு வருகின்றன. குளிர் வந்தால், தடித்த குளிர்கால ரோமத்தோடு இருக்கும் கலைகள் பகலில் தாராளமாக நடமாடுகின்றன. குளிரின் பங்கு அவ்வளவுதான். நிலவைப் பற்றியும் நிறைய நம்பிக்கைகள் உண்டு. கழுத்துப்பட்டைக் கருவி பொருத்தி மான்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் அவற்றுக்குப் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்படியானால் நவம்பர் நடுவில் போகலாமே என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் போனேன். இணைசேரும் உச்ச நாட்களில் முதிர்ந்த கலை ஒரு பிணையைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே ஓரிரு நாள் கிடக்கும். அந்தப் பிணை எந்தப் புதரில் படுக்கிறதோ அங்கேதான் கலையும். நீங்கள் அமர்ந்திருக்கும் மரத்தடிக்கு அது வருவது அந்தப் பிணையின் விருப்பத்தைப் பொறுத்தது. ஓடித் திரிந்து கண்ணில் படுவதெல்லாம் இளங்கலைகள். அதற்கு முந்தைய பத்து நாட்களிலோ, கலை தயாராக இருக்கிறது, பிணை தயாராக இல்லை. கலைக்குத் தேடுவதைத் தவிர வேலை இல்லை. மரப்பட்டையில் கொம்பை உரசும். தாழ்ந்த கிளைக்குக் கீழே குளம்பால் மண்ணைப் பறித்துத் தன் மணத்தை விட்டுச்செல்லும். அந்த இடங்களுக்குப் பகல் வெளிச்சத்தில் வந்து பார்க்கிற நாட்கள் இவை. முதல் பிணை பருவத்துக்கு வந்ததும் பறித்த மண்ணை அது மறந்துவிடுகிறது.

விஸ்கான்சினின் தென்மேற்கு மூலையைப் பனியுகத்துப் பனிப்பாறைகள் மழித்துவிட்டுப் போகவில்லை. அதனால் அங்கே நிலம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. முகட்டில் ஓக் மரங்கள், பள்ளத்தில் மக்காச்சோளமும் குதிரைமசாலும். ஒரு முதிய விவசாயி தன் நிலத்தில் வேட்டையாட எனக்கு அனுமதி தந்தார். முதல் மூன்று ஆண்டுகள் செப்டம்பரிலிருந்தே மாலைதோறும் அங்கிருந்த சிறந்த மரத்தில் ஏறி உட்கார்ந்தேன். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனக் காவலுக்கு நம்மவர் கட்டிய பரணை நினைத்து, என் மர இருக்கையைப் பரண் என்றே சொல்வேன். மூன்று ஆண்டும் பெரிய கலை ஒன்றுகூட வரவில்லை. அந்த விவசாயி ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "நீ மானைப் பார்க்கவில்லை என்கிறாய். மான் உன்னைத் தினமும் பார்க்கிறது." நான் நடந்த தடத்தில் என் வாடை, ஏறிய மரத்தில் என் வாடை. நவம்பர் வருவதற்குள் அந்தக் காட்டிலிருந்த முதிர்ந்த மான்களுக்கெல்லாம் என் வழக்கம் பாடமாகிவிட்டது. நல்ல மரத்தை நல்ல நாளுக்காகத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

நான்காம் ஆண்டு அக்டோபர் முழுதும் அந்த முகட்டில் கால் வைக்கவில்லை. 30ஆம் தேதி வடமேற்கிலிருந்து குளிர்காற்று வந்தது. அந்தக் காற்றில் கலைகள் முகட்டின் தென்கிழக்குச் சரிவில், உச்சிக்குச் சற்றுக் கீழே நடக்கும். மேலிருந்து வரும் காற்று முகட்டுக்கு அந்தப் பக்கத்து வாடையைக் கொண்டுவரும். வெயிலேறியதும் பள்ளத்திலிருந்து எழும் காற்று கீழ்ப்பக்கத்து வாடையைக் கொண்டுவரும். ஒரே நடையில் பிணைகள் எங்கே என்று மோந்து தெரிந்துகொள்கிற பாதை அது. என் வாடை பள்ளத்தின் மேலாகப் போய்விடும்படி பரணை வைத்திருந்தேன். காலை பத்து மணிக்கு மேல், மற்றவர்கள் இறங்கிக் காப்பி குடிக்கப் போகிற நேரத்தில், அது வந்தது. இருபது தப்படி தூரம். அம்பு விட்டபின் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கைநடுக்கம் நிற்கவே அவ்வளவு நேரம் பிடித்தது.

தேதியை இவ்வளவு உறுதியாகச் சொன்னது இந்த வடபகுதிக்கு மட்டுமே. தெற்கு டெக்சஸில் இணைசேரும் காலம் டிசம்பரில். அலபாமாவின் பல பகுதிகளில் ஜனவரி வரை தள்ளிப்போகிறது. அங்கே இருக்கிறவர்கள் தங்கள் பகுதியின் உச்ச நாளைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து இரண்டு வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். இங்கே விஸ்கான்சினில் நான் சொன்ன வாரம் தவறிப்போனால் டிசம்பர் கடைசி இருக்கிறது. இணைசேரும் வாரங்களில் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை இழந்த கலை, கடுங்குளிரில் தீனியைத் தேடி மாலையில் வயலுக்கு வந்தே ஆக வேண்டும். அறுக்காமல் விட்ட மக்காச்சோளம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

முதிர்ந்த கலையை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களிடம் ஒன்றை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். மானை மெலியவைத்துக் கொல்லும் மூளை நோய் இந்த மாநிலத்தில் இருப்பது 2002ஆம் ஆண்டு தெரியவந்தது. வயது முதிர்ந்த ஆண்மான்களில்தான் அது அதிகம் காணப்படுகிறது. மனிதருக்கு அது தொற்றியதாக உறுதியாகவில்லை. ஆனாலும் சோதனைக்கு மாதிரி கொடுத்து, முடிவு வரும்வரை இறைச்சியை உறைபெட்டியில் வைத்திருங்கள். பிள்ளைகள் சாப்பிடுகிற வீடு.

இந்த ஆண்டும் அக்டோபர் 28 முதல் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வடமேற்குக் காற்றென்றால் இருட்டோடு இருட்டாக அந்த முகட்டில் ஏறிவிடுவேன். தென்கிழக்கிலிருந்து அடித்தால், விடுப்பு வீணானாலும் சரி, அந்தப் பக்கம் போகமாட்டேன்.

நன்றி, வணக்கம்.