பச்சைக் குழி

வணக்கம் நேயர்களே. ரூலெட் என்ற சூதாட்டத்தின் மேசையை முதன்முதலாகப் பார்ப்பவர் மலைத்துப்போவார். விரிப்பு முழுக்க எண்களும் கட்டங்களும். பணத்துக்குப் பதிலாக வைக்கும் சில்லை எங்கே வைப்பது? ஆட்டம் என்னவோ எளியதுதான். சக்கரம் ஒரு திசையில் சுழல, பந்து எதிர்த்திசையில் ஓடுகிறது. அது விழும் குழியின் எண்ணே வெற்றி எண். ஐரோப்பியச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். பதினெட்டு சிவப்பு, பதினெட்டு கறுப்பு, பூஜ்யம் மட்டும் பச்சை.

ஒரே எண்ணில் வைத்து வென்றால் வைத்ததுபோல் 35 மடங்கு லாபம். இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள கோட்டில் வைத்தால் 17 மடங்கு. நான்கு கட்டங்கள் கூடும் மூலையில் 8. பன்னிரண்டு எண்களுக்குச் சேர்த்து வைத்தால் 2. சிவப்பா கறுப்பா, ஒற்றையா இரட்டையா என்பதற்குச் சமத்தொகை, அதாவது வைத்த அளவே லாபம். பூஜ்யம் விழுந்தால் ஒற்றைக்காரர், இரட்டைக்காரர் இருவருமே தோற்பார்கள். பூஜ்யம் இரட்டை எண்தானே என்று கணக்கு ஆசிரியரே வந்து வாதாடினாலும் அங்கே எடுபடாது.

இத்தனை வகைகளில் எது லாபம்? எதுவும் இல்லை. 37 எண்களிலும் ஒவ்வொரு சில்லு வைத்துப் பாருங்கள். எந்த எண் வந்தாலும் வென்ற சில்லும் 35 லாபமுமாக 36 சில்லுகள்தான் கையில் மிஞ்சும். குறையும் அந்த ஒரு சில்லுதான் சூதாட்ட விடுதியின் பங்கு, நூற்றுக்கு 2.70. சிவப்பில் வைத்தாலும் மூலையில் வைத்தாலும் சராசரியில் அதே பங்கு போகும்.

"கறுப்பே வந்துகொண்டிருக்கிறது, அடுத்தது சிவப்புத்தான்" என்ற நம்பிக்கைக்கு மட்டும் அழிவில்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோ நாட்டின் மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. சிவப்பு வந்தே தீரும் என்று தொகையை ஏற்றிக்கொண்டே போனவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். முன்பு எங்கே விழுந்தோம் என்று பந்துக்கு நினைவில்லை. தோற்கத் தோற்க இரட்டிப்பாக்கும் 'மார்ட்டிங்கேல்' முறைக்கும் இதே கதிதான். ஒரு சில்லில் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றால் 127 போயிருக்கும். எட்டாவது முறை 128 வைக்க வேண்டும். வென்றால் மொத்த லாபம் ஒரே ஒரு சில்லு! அதற்குள் மேசையின் பணய உச்சவரம்பே குறுக்கிடலாம்.

ஆடியே தீருவேன் என்பவர் எண்ணைத் தேர்ந்தெடுப்பதைவிடச் சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். சில ஐரோப்பிய மேசைகளில் பூஜ்யம் விழுந்தால், சிவப்பு கறுப்பு போன்ற சமத்தொகைப் பணயத்தில் பாதியைத் திருப்பித் தருவார்கள்; அந்தப் பணயத்தில் விடுதியின் பங்கு 1.35 ஆகச் சுருங்கும். அமெரிக்கச் சக்கரத்திலோ இரட்டைப் பூஜ்யமும் உண்டு, பங்கு 5.26. அங்கேயும் 0, 00, 1, 2, 3 ஆகிய ஐந்துக்கும் சேர்த்து வைக்கும் பணயம்தான் படுமோசம். ஆறு மடங்குதான் தருகிறார்கள்; விடுதிக்கு நூற்றுக்கு 7.89.