சின்சியருக்கும் மெழுகுக்கும் சம்பந்தமே இல்ல!

வணக்கம் மக்களே! இன்னைக்குப் புது வார்த்தை எடுக்கிறதாவே இல்ல. ஆனா நேத்து ராத்திரியிலேர்ந்து ஒரே ரீல்ஸை 11 பேர் அனுப்பியிருக்கீங்க. ரோமாபுரி சிற்பிங்க சிலையில விரிசல் விட்டா மெழுகு வெச்சு அடைப்பாங்களாம். வெயில் பட்டா உருகிடுமாம். நல்ல சிற்பி மட்டும் ‘சினே கேரா’, அதாவது மெழுகு இல்லாததுன்னு சொல்லி விப்பாராம். அதுலேர்ந்துதான் ‘சின்சிரிட்டி’ வந்துச்சாம். கேட்டதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு! லத்தீன்ல சினேன்னா ‘இல்லாம’, கேரான்னா மெழுகு, அது நிஜம்தான். ரெண்டையும் ஒட்டி ஒரு சிற்பியைக் கொண்டுவந்து நிறுத்தினதுதான் கட்டுக்கதை. அகராதி போடுறவங்க இதை எப்பவோ தள்ளி வெச்சுட்டாங்க.

இதோ, நம்ம புது லத்தீன் அகராதி. திருவல்லிக்கேணி பிளாட்பாரத்துல ஞாயித்துக்கிழமை புடிச்சேன். 700 சொன்னார். நான் 350-லயே நின்னேன். நடந்துட்டேன், கூப்பிட்டார், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். கடைசியில 420! அட்டையும் அவரே போட்டுக் கொடுத்தார். இந்த வாரத்துல எனக்கு இதைவிட சந்தோஷம் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வரேன். லத்தீன்ல ‘சின்கேருஸ்’னா சுத்தமானது, கலப்படம் இல்லாதது. மனசுக்கு மட்டும் இல்ல, பாத்திரத்துக்கும் சொல்லுவாங்க. கவிஞர் ஹோரஸ் எழுதியிருக்கார்: பாத்திரம் சுத்தமா இல்லேன்னா, அதுல எதை ஊத்தினாலும் புளிச்சுப் போயிடும். பால் காய்ச்சுற வீட்டுல இதை விளக்கவே வேணாம்! இதுல மெழுகு எங்க வந்துச்சு?

வேரைப் பார்த்தா இன்னும் அழகு. பெரும்பாலான அறிஞர்கள் ஏத்துக்கிறது இதுதான்: முன்பாதி ‘ஒண்ணு’ன்னு அர்த்தம் தர்ற பழைய வேர். சிம்பிள், சிங்கிள் எல்லாம் அதே வேர்தான். பின்பாதி ‘வளர்றது’. ஆக, ஒரே விளைச்சல், வேற எதுவும் கலக்காதது. அந்த ‘வளர்ற’ வேர்லேர்ந்துதான் ரோமாபுரியோட தானிய தெய்வம் கேரேஸ். அவங்க பேர்லேர்ந்து நாம காலையில சாப்பிடுற சீரியல்! சின்சிரிட்டிக்கு சொந்தக்காரன் மெழுகுவர்த்தி இல்ல, சோளப்பொரி!

அய்யோ, பாலைப் பத்திப் பேசினப்பவே இதைச் சொல்லியிருக்கணும். 1611-ல வந்த ஆங்கில பைபிள்ல, பேதுருவோட முதல் நிருபத்துல, ‘சின்சியர் மில்க்’னே இருக்கு! பாலுக்கு ஏது நேர்மை? கலப்படமில்லாத பால், அவ்வளவுதான். நம்ம தமிழ் பைபிள்ல அதே இடத்துல ‘களங்கமில்லாத ஞானப்பால்’. எவ்வளவு கச்சிதமான வார்த்தை பாருங்க! ஆங்கிலத்துல பழைய அர்த்தம் தேய்ஞ்சு, மனசோட சுத்தம் மட்டும் நின்னுடுச்சு. நாம அதையும் தாண்டிட்டோம். ‘சின்சியரா படிக்கிறான்’னா நமக்கு உழைப்பாளின்னுதான் அர்த்தம்.

இன்னொண்ணு, அகராதியோட முதுகுப்பக்கம் லேசா பிரியுது. சென்னையில கையால தச்சு பைண்டிங் பண்றவங்க யாரையாவது தெரிஞ்சா கமெண்ட்ல போடுங்க. பசை போட்டு ஒட்டுறவங்க வேணாம்.