கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில்

வணக்கம் நேயர்களே.

"ஓய்வூதியர் ஒருவரின் ஒரு நாள்" என்று பத்து நிமிடம் பேச வேண்டும் என நிகழ்ச்சித் தயாரிப்பாளர் தொலைபேசியில் கேட்டபோது, பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓய்வா? இவருக்கா? பென்சன் எடுத்த நாளில இருந்து வீட்டில சாப்பிட ஒரு மேசை இல்ல. அதையும் றேடியோவில சொல்லுங்க."

அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு மேசை. ஒன்றில் ஆர்மோனியம் வயிறு திறந்தபடி கிடக்கிறது. மற்றதில் பழைய கடதாசி விரித்து, அதன் மேல், நான் திருத்துகிற கோயில் சுரூபங்களில் ஒன்றான சம்மனசு, அதாவது தேவதூதர், ஒருவரின் ஒடிந்த கை காய்ந்துகொண்டிருக்கிறது. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் சாப்பிடுகிறோம்.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்திநாலு வருடம் படவரைஞராக இருந்தவன். 2014 இல் ஓய்வு. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று இந்த மாவட்டத்துக் குளங்களின் பெயரைச் சொன்னால் எனக்குத் தண்ணீர் ஞாபகம் வராது, தாள்தான் ஞாபகம் வரும். கொம்பியூட்டர் வருவதற்கு முந்திய காலம். ட்ரேசிங் பேப்பரில் மைப்பேனாவால் கீறுவோம். கோடு பிழைத்தால் சவரபிளேட்டால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தாள் ஓட்டை. அலுவலகத்தில் நான் படித்த ஒரே வித்தை அந்தப் பிளேட்டுப் பிடிக்கிற பக்குவம் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

வெளியூர் நேயர்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். 1983 இல் ஒரு சூட்கேசோடு நான் இந்த வீட்டுக்கு வந்தேன். அப்போது வீடு மாமியுடையது, பிறகு என் மனைவியுடையதாயிற்று, இப்போது மகளின் பேரில். மருமகனும் ஒரு சூட்கேசோடுதான் வந்தார். பெண்கள் உள்ளே எல்லாவற்றையும் தீர்மானித்துக்கொண்டிருக்க, அவரும் நானும் விறாந்தையில் விருந்தாளிகள் மாதிரி இருந்து தேத்தண்ணி குடிப்போம். நல்ல மனிதர். நான் வாசிக்கும்போது மட்டும் அவருக்குக் கடைக்குப் போகிற வேலை வந்துவிடும்.

காலை ஆறு மணிப் பூசைக்குச் சைக்கிளில் போவேன். பாடகர் குழுவில் கிழமை நாளில் வருவது நாலைந்து பேர். ஞாயிற்றுக்கிழமை இளம் பிள்ளைகள் கீபோர்ட் கொண்டு வருவார்கள். ஒரு பொத்தானை அமத்தினால் அது தானாகவே மேளமும் அடிக்கிறது. காணிக்கைப் பாட்டுக்குக் கலியாண வீட்டு மேளம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "அங்கிள், சனம் தூங்காம இருக்கத்தான்" என்றது ஒரு பிள்ளை. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ஆர்மோனியத்துக்கு வருவோம். ஐப்பசியில் மழை பிடித்தால் இங்கே தை வரைக்கும் ஈரம்தான். மரம் ஊதும், விரலால் அமத்துகிற கட்டை இறுகும். வாவிக்காற்றின் உப்பும் சேர்ந்து, உள்ளே ஆடிச் சுரம் எழுப்புகிற பித்தளை நாக்குகளில் பச்சை பூத்துவிடும். துருத்தித் தோலைக் கரப்பான் தின்னும். துருத்தி வேலைக்கு டச்பாரில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். பறங்கியர், அதாவது ஐரோப்பியர் வழிவந்தவர், தலைமுறையாகத் தச்சுத் தொழில். போர்த்துக்கீசம் கலந்த அவர்கள் வீட்டுப் பேச்சில் ஆர்மோனியத்தைத் திட்டிக்கொண்டே தோல் ஒட்டுவார். சுரம் திருத்துவது என் வேலை. நாக்கின் நுனியைப் பிளேட்டால் சுரண்டினால் நுனி பாரம் குறைந்து வேகமாக ஆடும், சுரம் ஏறும். அடியைச் சுரண்டினால் அது தளர்ந்து சுரம் இறங்கும். ஒரு தடவை சுரண்டுவது, போட்டுக் கேட்பது, கழற்றுவது, மறுபடியும் சுரண்டுவது. ஒரு கட்டைக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும்.

சுரூபத்துக்கு நிறம் தீட்டுகிற கதை சின்னக் கதை. முதல் தடவை என்னிடம் வந்தது ஒரு வியாகுல மாதா. ஒரு மாதம் மினக்கெட்டு, கன்னத்துக்குக் கொஞ்சம் ரோசா நிறம் கொடுத்து, கோயிலில் கொண்டுபோய் வைத்தேன். பூசை முடிந்து வெளியே வந்தால் கிழவிகள் கூடி நிற்கிறார்கள். "மாதா பவுடர் போட்டுக் கலியாண வீட்டுக்குப் போற மாதிரி இரிக்கா" என்றார் ஒருவர். அடுத்த நாளே மண்கடதாசியால் தேய்த்து எடுத்தேன். அதற்குப் பிறகு கன்னத்தில் கை வைப்பதில்லை.

இனிச் சொல்ல வந்த விஷயம்.

என் மாமிக்கு இப்போது தொண்ணூற்றொரு வயது. கண் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். தபசுகாலத்தில், அதாவது உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்பு நாட்களில், பசாம் படிக்கிற பழைய பெண்களில் எங்கள் பங்கில் மிச்சமாக இருப்பவர் அவர்தான். யேசுவின் பாடுகளை ஒப்பாரி போல நீட்டிப் படிப்பது. கோவாவில் இருந்து 1705 இல் இலங்கைக்கு வந்த ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கம் நம் கத்தோலிக்கர் பலருக்குத் தெரியும். அதை ஒட்டி ஊருக்கு ஊர் ஒரு இராகம், ஒரு இழுவை. நான் வீட்டுக்கு வந்த நாளில் இருந்து வருடாவருடம் மாமி படிப்பதைக் கேட்டிருக்கிறேன். கேட்டேன் என்று சொல்வது சரியில்லை. அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், நான் என் வேலையைப் பார்ப்பேன். ஆர்மோனியக்காரனுக்கு அது கொஞ்சம் சுருதி விலகிய சத்தம், அவ்வளவுதான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அதிகாலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தோம். ஒன்பது மணியளவில் குண்டு வெடித்த சத்தம் கேட்டது. சீயோன் தேவாலயம். ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகள். மட்டக்களப்பில் அன்றைய பகலைப் பற்றி யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

அன்று பின்னேரம் குசினிப் பக்கம் இருந்து மாமியின் குரல் வந்தது. பசாம் படிக்கிறார். உயிர்த்த ஞாயிறில் பசாம் படிக்கிற வழக்கம் கிடையாது, அது பெரிய வெள்ளியோடு முடிந்துவிடும். யாரும் அவரை மறிக்கவில்லை. என் மனைவி அரிசியைக் களைந்தபடியே நின்றுவிட்டார். அன்றைக்குத்தான் நான் கேட்டேன். நான் சுருதி விலகல் என்று எண்ணியிருந்த இடங்கள் ஒவ்வொரு அடியிலும் அதே இடத்தில், அதே அளவாக வந்துகொண்டிருந்தன.

அதன் பிறகு சில வாரம் கோயில்களில் பூசை இல்லை. ஆர்மோனியத்தைப் பெட்டியில் இருந்து எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை. மாமியிடம் போய் இருந்து, "எனக்குச் சொல்லித் தாங்க" என்று கேட்டேன். அறுபத்தைந்து வயது மாணவன். இராகத்தைப் பிடிப்பதற்காக ஒருநாள் ஆர்மோனியத்தையும் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு அடி போயிருக்காது. "மருமகன், அந்தப் பெட்டிய மூடுங்க. அது குறுக்க குறுக்க கதைக்கிது" என்றார்.

மாமி சொன்னது சங்கீதக்காரருக்குப் பழைய வழக்குத்தான். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள சுரத்தை ஆர்மோனியத்தால் தொட முடியாது. இதற்காகவே 1940 இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்து, முப்பது வருடத்துக்கு மேல் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. காரைதீவில் பிறந்து, எங்கள் புனித மிக்கேல் கல்லூரியில் படித்த விபுலாநந்த அடிகளும் இந்த இடைவெளிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்தான். 1947 இல் அவருடைய இசை ஆராய்ச்சியான யாழ் நூல் அரங்கேறிய அடுத்த மாதமே காலமானார். அந்தக் கணக்கை எல்லாம் முழுதாக விளங்குகிற தலை எனக்கு இல்லை. ஆனால் இங்கிருந்து வானொலிக்கு வருகிறவர்கள் எங்கள் வாவியின் பாடும் மீனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறதே, அதற்குப் பதிலாக அடிகளைச் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேரனுக்குப் பதினொரு வயது. அவனுடைய போனில் சுருதி பார்க்கிற ஒரு செயலி இருக்கிறது. சுரம் சரியென்றால் பச்சை விளக்கு. நான் திருத்திய கட்டைகளை அமத்திக் காட்டினேன், பச்சை, பச்சை, பச்சை. எனக்குப் பெருமை. பிறகு போனை மாமியின் வாய்க்குக் கிட்டப் பிடித்தான். ஊசி ஏறுகிறது, வழுகுகிறது, நடுவில் நிற்கிறது. "அம்மப்பா, பூட்டிக்கு ஒருக்காவும் பச்சை வருகுதில்ல" என்றான். மாமி படிப்பை நிறுத்தி, "என்னகா சொல்றான்?" என்று மகளிடம் கேட்டார். "நீங்க பிழையாம்" என்றார் என் மனைவி. மாமி நல்லாகச் சிரித்தார்.

மாமியின் தகப்பன் கையால் எழுதிவைத்த பசாம் கொப்பி ஒன்று வீட்டில் இருக்கிறது. சொல் முழுக்க இருக்கிறது. இராகத்துக்கு ஒரு குறிப்பும் இல்லை. சுரம் எழுதிப் பார்த்தேன், ச ரி க என்று எழுதியதும் அது வேறு பாட்டாகிவிட்டது. ஒருநாள் பழைய வேலை ஞாபகத்தில் வரைபுத்தாளை எடுத்தேன். வாய்க்காலுக்கு நெடுக்குவெட்டு என்று ஒரு படம் கீறுவோம். எத்தனை தூரத்தில் தரை எவ்வளவு உயரம், எங்கே மெதுவாகச் சரிகிறது, எங்கே விழுகிறது என்று ஒரே கோட்டில் தெரியும். மாமியின் குரலுக்கு அப்படி ஒரு நெடுக்குவெட்டுக் கீறினேன். கிடையாக நேரம், குத்தாகச் சுரத்தின் உயரம். மூச்சு எடுக்கிற இடத்தில் மதகுக் குறி. முதல் அடி மட்டும் இருபத்திமூன்று செக்கன், மூன்று மதகு.

பேரன் விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே படித்தான். மாமி இடையில் பிடித்தார். "அந்த இடத்தில பாட்டுக் கிறுகணும் மனே. நீ நேரப் போறாய். மறுகா ஒருக்காப் படி." நான் தாளைப் பார்த்தேன். அந்த வளைவை நான்தான் நேராக்கிவிட்டிருக்கிறேன், அழகாக இருக்கட்டும் என்று. படவரைஞனின் கெட்ட பழக்கம். பிளேட்டால் சுரண்டித் திரும்பக் கீறினேன்.

கனடாவில் மகனுடைய மகள் வயலின் படிக்கிறாள். அங்கே மாரிக்காலத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம், அவள் விடியப்புறம் எழும்பும்போது எங்களுக்குப் பின்னேரம். தாளைப் படம் எடுத்து வட்சப்பில் அனுப்பினேன். தமிழ் எழுத்து அவளுக்குத் தட்டித் தடவித்தான் வரும், கோட்டுக்கு எழுத்துத் தேவையில்லையே. வயலின் கம்பியில் கட்டை கிடையாது, விரல் வழுகலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனபின் முதல் அடியை வாசித்து அனுப்பியிருந்தாள். மாமி போனைக் காதோடு வைத்து மூன்று தரம் கேட்டார். "ஆரு, நம்மட ஆக்களா?" என்று கேட்டுவிட்டு, "ரெண்டாவது மூச்சு முந்திட்டு" என்றார்.

இதுவரை பதினாலு அடி கீறியிருக்கிறேன். கொப்பியில் இன்னும் நிறைய இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் பங்குப் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள், கீபோர்ட் பிள்ளையும் வருகிறது. ஐந்தரைக்கு மேல் மாமிக்குக் களைத்துவிடும். ஆர்மோனியம் அந்த நேரத்தில் மூடியிருக்கும்.

இப்போது வீட்டில் வானொலிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து மாமி கேட்டுக்கொண்டிருப்பார். நான் போனதும் எந்த எந்த இடத்தில் பிழை விட்டேன் என்று சொல்லுவார். வணக்கம்.